தொலைவிலிருந்து கிளீனப் ஓட்டினால் இடமே கிடைக்கவில்லை, நேரில் ஓட்டினால் கிடைக்கிறது. ஏன்?

சிவப்புக்கோடு:

வணக்கம். எங்க அலுவலகத்துல எண்பது சொச்சம் சிஸ்டம். ஆறு மட்டும் வொர்க்குரூப் (தனித்தனியா நிக்கறது), மத்ததெல்லாம் டொமைன்ல, அதாவது ஒரே சர்வரோட நிர்வாகத்துல இருக்கு. பாதி விண்டோஸ் 10, பாதி 11. எல்லாத்துலயும் 128 ஜிபி எஸ்எஸ்டிதான். இப்போ எந்த சிஸ்டத்தைத் திறந்தாலும் சி டிரைவ் சிவப்பாத்தான் இருக்கு. மிச்சமிருக்கற விண்டோஸ் 10 எல்லாத்தையும் 11க்கு மாத்தணும், ஆனா இடம் பத்தலைன்னு இன்ஸ்டாலர் ஆரம்பத்துலயே நின்னுடுது.

ரிமோட் டெஸ்க்டாப்ல ஒவ்வொண்ணா போனா, அங்க வேலை செஞ்சிட்டு இருக்கறவங்க செஷன் லாக் ஆகிடுது. திட்டு விழுது. அதனால என் சிஸ்டத்துல இருந்தே எல்லாத்துலயும் கிளீனப் ஓட்டப் பார்த்தேன்.

முதல்ல பிஎஸ்எக்ஸெக் (வேற சிஸ்டத்துல கமாண்ட் ஓட்டற கருவி) வழியா விண்டோஸோட டிஸ்க் கிளீனப், அதாவது கிளீன்எம்ஜிஆர். கமாண்ட் அடிச்சதும் கருப்பு ஜன்னல் அப்படியே நிக்குது, முடியவே இல்லை. அந்த சிஸ்டத்துல போய்ப் பார்த்தா ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்லை. ஆனா டாஸ்க் மேனேஜர்ல ஓடிட்டு இருக்கறதா காட்டுது.

அப்புறம் சிகிளீனர்ங்கற கிளீனப் மென்பொருளை, தானா ஓடறதுக்கான ஆட்டோ ஸ்விட்ச் போட்டு அதே மாதிரி அனுப்பினேன். முடிஞ்சுது, எர்ரர் கோட் 0. சந்தோஷமா போய்ப் பார்த்தா 200 எம்பி கூட குறையலை. அதே சிஸ்டத்துல, அதை உபயோகிக்கறவர் லாகின்ல நானே உட்கார்ந்து அதே மென்பொருளை ஓட்டினா 9 ஜிபி வந்துச்சு!

வொர்க்குரூப் சிஸ்டங்கள்ல பாஸ்வேர்டு சரியாக் குடுத்தும் ஆக்ஸஸ் டினைடு. அந்த அக்கவுண்ட் அங்க அட்மின்தான், ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன்.

யாருடைய வேலையும் கெடாம இதை எப்படி ஓட்டறது? வேற நல்ல கிளீனப் சாஃப்ட்வேர் இருந்தாலும் சொல்லுங்க.


நேர்வழி:

வெளி மென்பொருள் எதுவும் வேண்டாம். குரூப் பாலிசியில் (டொமைன் சிஸ்டங்களுக்கு ஒரே இடத்திலிருந்து விதி வைக்கும் வசதி) கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் சென்ஸ் (விண்டோஸே இடத்தைச் சுத்தம் செய்யும் வசதி). ஆன் செய்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற இடத்தில் 7 கொடுங்கள். ரீசைக்கிள் பின், டெம்ப் ஃபைல்கள் எல்லாம் தானாகப் போகும். டிஸ்க் கிளீனப்பை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலேயே கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. இன்னும் அதைப் பிடித்துத் தொங்க வேண்டுமா?


சிவப்புக்கோடு:

நன்றி. பாலிசி போட்டுப் பார்த்தேன். சொந்த சீட் உள்ளவங்க சிஸ்டத்துல கொஞ்சம் இடம் வந்துச்சு. ஆனா ஷிஃப்ட் முறையில பலபேர் மாத்தி மாத்தி உட்கார்ற சிஸ்டங்கள்ல பெரிசா ஒண்ணும் மாறலை. சிவப்பு அங்கதான் அதிகம்.


நடுராத்திரி_அட்மின்:

நேர்வழி சொன்ன பாலிசியை நீக்காதீங்க, அது இருக்கட்டும். ஆனா ஸ்டோரேஜ் சென்ஸ் யார் லாகின் பண்ணியிருக்காங்களோ அவங்களுக்காகத்தான் ஓடும். போன வருஷம் வேலையை விட்டுப் போனவர் விட்டுட்டுப் போன குப்பையை அது தொடாது. ஷிஃப்ட் சிஸ்டத்துல இருக்கற குப்பையில முக்கால்வாசி அப்படிப்பட்டதுதான்.

இப்போ உங்க மூணு சிக்கலுக்கு வர்றேன். பார்க்க மூணு மாதிரி தெரியுது, வேர் ஒண்ணுதான். தொலைவிலிருந்து ஒரு கமாண்டை அனுப்பும்போது அது அங்கே எந்த யூசரா, எந்த செஷன்ல, எவ்வளவு அதிகாரத்தோட ஓடுதுங்கறதை நீங்க பார்க்கலை. என்ன சாஃப்ட்வேர்ங்கறது அதுக்கு அப்புறம்தான்.

டிஸ்க் கிளீனப் ஏன் தொங்குது? பிஎஸ்எக்ஸெக் அந்த சிஸ்டத்தோட அட்மின் ஷேர் (நெட்வொர்க் வழியா அட்மினுக்கு மட்டும் திறக்கற ஃபோல்டர்) வழியா, பின்னணியில ஓடற ஒரு சின்ன சர்வீஸைப் போட்டு, அது மூலமாத்தான் உங்க கமாண்டை ஓட்டுது. விஸ்டா காலத்துல இருந்து சர்வீஸ் எல்லாம் செஷன் 0ல தனியா இருக்கும், யூசர் பார்க்கற டெஸ்க்டாப் வேற செஷன். வெறும் கிளீன்எம்ஜிஆர்னு அடிச்சா, அது எந்த டிரைவ், எதை அழிக்கணும்னு கேட்டு ஒரு டயலாக் பாக்ஸைத் திறக்கும். செஷன் 0ல திறந்த அந்தப் பாக்ஸ் எந்த மனுஷர் கண்ணுக்கும் தெரியாது. ஓகே பட்டனை அழுத்த அங்க யாரும் இல்லை, அதனால அது காத்துக்கிட்டே இருக்கு. ஐ ஸ்விட்ச் போட்டா யூசர் ஸ்கிரீன்ல வரும், ஆனா அப்போ அவர் பயந்துபோய் உங்களுக்கு ஃபோன் பண்ணுவார்.

கேள்வி கேட்காம ஓட வைக்கத்தான் சேஜ்செட், சேஜ்ரன்னு ரெண்டு ஸ்விட்ச் இருக்கு. உங்க சிஸ்டத்துல சேஜ்செட் 64னு ஓட்டி எதெல்லாம் அழியணுமோ டிக் பண்ணுங்க (64 சும்மா ஒரு எண்தான், வேற போட்டுக்கலாம்). அந்த டிக் எல்லாம் ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸோட அமைப்புகள் பதிவாகற இடம்) எச்கேஎல்எம் பக்கம், எக்ஸ்ப்ளோரர் கீக்குள்ள வால்யூம்கேச்சஸ்னு இருக்கற இடத்துல, ஒவ்வொரு வகைக்கும் ஸ்டேட்ஃப்ளாக்ஸ்0064ங்கற பேர்ல 2னு பதிவாகும். எச்கேஎல்எம்ங்கறதால இது யூசரைச் சார்ந்தது இல்லை, சிஸ்டம் முழுக்கப் பொது. அதே மதிப்புகளை குரூப் பாலிசி ப்ரிஃபரன்ஸ் வழியா எல்லா சிஸ்டத்துக்கும் தள்ளிட்டு, அங்கே சேஜ்ரன் 64 ஓட்டினா போதும். ஒரு விஷயம்: சேஜ்ரன் சி டிரைவோட நிக்காது, எல்லா டிரைவையும் சுத்தி வரும்.

டிக் பண்றப்போ ஒண்ணு மட்டும் கவனம். 1809ல டிஸ்க் கிளீனப் பட்டியல்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துட்டாங்க, பின்னாடி வந்த பதிப்புல எடுத்துட்டாங்க. உங்ககிட்ட பழைய பதிப்பு ஏதாவது மிச்சம் இருந்தா அதை டிக் பண்ணிடாதீங்க. நிறைய பேருக்கு டவுன்லோட்ஸ்தான் அலமாரி.

சிகிளீனர் ஏன் 200 எம்பியோட நின்னுது? நீங்க உங்க அட்மின் அக்கவுண்ட்ல அனுப்பியிருப்பீங்க, இல்லேன்னா எஸ் ஸ்விட்ச் போட்டு சிஸ்டம் அக்கவுண்ட்ல (விண்டோஸ் தனக்குன்னு வெச்சிருக்கற, முழு அதிகாரமுள்ள அக்கவுண்ட்). இலவசப் பதிப்பு ஓட்டறவரோட ப்ரொஃபைலை (அவரோட ஃபைலும் செட்டிங்ஸும் இருக்கற ஃபோல்டர்) மட்டும்தான் சுத்தம் செய்யும். சிஸ்டம் அக்கவுண்ட் என்ன யூடியூப் பார்க்குதா, பிரவுசர் கேஷ் சேர? 9 ஜிபி அந்த யூசரோட ஆப்டேட்டா ஃபோல்டர்ல இருந்தது, அதை நீங்க தொடவே இல்லை. இன்னொண்ணு, இலவசப் பதிப்பு வீட்டு உபயோகத்துக்கு மட்டும்னு அவங்க உரிமத்திலேயே இருக்கு. அலுவலகத்துல எண்பது சிஸ்டத்துல போட்டா தணிக்கையில கேள்வி வரும்.

வொர்க்குரூப் ஆக்ஸஸ் டினைடு யுஏசியோட (அட்மின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தற விண்டோஸ் பாதுகாப்பு) வேலை. லோக்கல் அட்மின் அக்கவுண்ட்ல நெட்வொர்க் வழியா வந்தா, விண்டோஸ் அதோட அட்மின் அதிகாரத்தைக் கழிச்சிட்டுத்தான் உள்ள விடும். டொமைன் அக்கவுண்டுக்கும், முதல்லயே கூட வர்ற அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்டுக்கும் இந்தக் கழிப்பு இல்லை. லோக்கல்அக்கவுண்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசின்னு ஒரு ரெஜிஸ்ட்ரி மதிப்பை 1 ஆக்கினா திறந்துடும். இணையத்துல தேடினா எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. ஆனா ஆறு சிஸ்டத்துலயும் ஒரே லோக்கல் பாஸ்வேர்டு வெச்சிருந்தீங்கன்னா, ஒண்ணு போனா ஆறும் போகும். ஆறே ஆறுதானே? பென் டிரைவ்ல ஒரு ஷெட்யூல்டு டாஸ்க்கை எக்ஸ்எம்எல்லா எடுத்துட்டுப் போய் ஒரு தடவை இம்போர்ட் பண்ணிட்டு வந்துடுங்க. எல்லாத்தையும் சீட்ல இருந்தே செய்யணும்னு சட்டம் ஒண்ணும் இல்லை.

டொமைன் சிஸ்டங்களுக்கும் நான் பிஎஸ்எக்ஸெக்கை விட்டுடச் சொல்வேன். அருமையான கருவிதான், ஒண்ணு ரெண்டு சிஸ்டத்துக்கு இன்னைக்கும் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனா ஊடுருவறவங்களும் அதையேதான் எடுக்கறாங்க, அதனால ஆன்டிவைரஸ் அதைப் பார்த்தாலே கத்தும். 445 போர்ட் (நெட்வொர்க் வாசல்) திறந்திருக்கணும், சிஸ்டம் அந்த நேரத்துல ஆன்ல இருக்கணும். விண்டோஸோட சொந்த ஸ்கிரிப்ட் கருவியான பவர்ஷெல்லோட ரிமோட்டிங் அதைவிட மேல். அதுல இன்வோக்-கமாண்ட் ஒரே நேரத்துல 32 சிஸ்டம் வரைக்கும் தானாப் பார்த்துக்கும். ஆனா அதுக்கும் 5985 திறக்கணும். உள்ளே போனதும் அங்கிருந்து இன்னொரு சர்வர் ஷேரைத் தொட்டா ஆக்ஸஸ் டினைடுன்னு வரும், உங்க அடையாளம் ரெண்டாவது தாவலுக்குக் கூட வராது. ஷேர்ல இருக்கற எக்ஸ்இயை ஓட்டப் பார்க்கறவங்க எல்லாம் இங்கதான் முட்டி நிக்கறாங்க.

சாஃப்ட்வேரை அனுப்பாம வேலையை அனுப்புங்க. குரூப் பாலிசி ப்ரிஃபரன்ஸ்ல ஒரு ஷெட்யூல்டு டாஸ்க், சிஸ்டம் அக்கவுண்ட்ல ஓடற மாதிரி, ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்டைக் கூப்பிடட்டும். ஒவ்வொரு சிஸ்டமும் ஒண்ணரை மணி நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானா வந்து பாலிசியை இழுத்துக்கும். நீங்க எந்த சிஸ்டத்தோட கதவையும் தட்ட வேண்டாம், உள்வரும் போர்ட் எதுவும் திறக்க வேண்டாம். பாஸ்வேர்டும் எங்கேயும் எழுத வேண்டியதில்லை. பழைய நாட்கள்ல ப்ரிஃபரன்ஸ்குள்ள பாஸ்வேர்டு போட வழி இருந்தது, அதை எல்லாராலயும் படிக்க முடியும்னு தெரிஞ்சதும் 2014ல மைக்ரோசாஃப்ட் அந்த வசதியையே எடுத்துடுச்சு.

ஸ்கிரிப்ட் நெட்லாகன்ல (டொமைன் சிஸ்டம் எல்லாம் படிக்கற சர்வர் ஷேர்) இருக்கலாம். அதை மாத்தற உரிமை டொமைன் அட்மினுக்கு மட்டும் இருக்கான்னு பார்த்துடுங்க. அதுல ஒரு வரி சேர்க்க முடிஞ்சவர் எண்பது சிஸ்டத்துக்கும் முழு முதலாளி ஆகிடறார்.

எழுதறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க, இதை யாரும் செய்யறதில்லை. ரொம்பச் சிவப்பா இருக்கற நாலஞ்சு சிஸ்டத்துல எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு காட்டற ட்ரீசைஸ் மாதிரி ஒண்ணை அட்மினா ஓட்டி இடம் எங்க போயிருக்குன்னு பாருங்க. நான் முதல்ல பார்க்கற இடங்கள் இவை. ஹைபர்ஃபில், அதாவது ஹைபர்னேட் ஃபைல். 16 ஜிபி ராம் இருந்தா வழக்கமா 6 ஜிபிக்கு மேல உட்கார்ந்திருக்கும். டெஸ்க்டாப்னா பவர்சிஎஃப்ஜி எச் ஆஃப்னு ஒரே வரி, உடனே போயிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்து போகும், எனக்கு அது லாபம்தான். லேப்டாப்ல இதைச் செய்யாதீங்க. அடுத்தது சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிப்யூஷனுக்குள்ள டவுன்லோட், அதாவது இறங்கின அப்டேட் ஃபைல்கள் இருக்கற ஃபோல்டர். வின்டோஸ் அப்டேட் சர்வீஸை நிறுத்திட்டு அழிக்கணும், அப்புறம் திரும்ப ஓட விடணும்.

விண்டோஸ் டெம்ப் ஃபோல்டர்ல கேப்னு ஆரம்பிக்கற பேரோட நூத்துக்கணக்கில ஃபைல் கிடந்தா அது தனிக் கதை. சிபிஎஸ் லாக் (விண்டோஸ் அப்டேட் நிறுவற வேலையோட பதிவு ஃபைல்) 2 ஜிபியைத் தாண்டினா விண்டோஸால அதைச் சுருக்க முடியாது. சுருக்கப் பார்த்து, தோத்து, பாதி ஃபைலை டெம்ப்ல விட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஆரம்பிக்கும். டிஸ்க் நிறையற வரைக்கும் இதே பொழப்பு. நீங்க டெம்பை மட்டும் அழிச்சா அடுத்த வாரம் திரும்ப நிறைஞ்சிடும். ட்ரஸ்டட்இன்ஸ்டாலர் சர்வீஸை நிறுத்திட்டு, லாக்ஸ் ஃபோல்டருக்குள்ள சிபிஎஸ்ல இருக்கற அந்தப் பெரிய லாகையும் அழிக்கணும். எந்த கிளீனப் சாஃப்ட்வேரும் இந்தக் காரணத்தை உங்களுக்குச் சொல்லாது.

யூசர் டெம்புக்கு, யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள ஒவ்வொரு ப்ரொஃபைலா சுத்தி, ஆப்டேட்டா லோக்கல் டெம்ப்ல 7 நாளுக்குப் பழசானதை மட்டும் அழிங்க. சிஸ்டம் அக்கவுண்ட் எல்லா ப்ரொஃபைலையும் பார்க்க முடியும், நீங்க பாதையைச் சொல்லணும் அவ்வளவுதான். டெம்ப்ங்கற வேரியபிளை நம்பினீங்கன்னா அது சிஸ்டம் அக்கவுண்டோட சொந்த டெம்புக்குத்தான் போகும். ஏன் 7 நாள்? பாதியில நிக்கற இன்ஸ்டாலர்கள் ரீஸ்டார்ட்டுக்குக் காத்துக்கிட்டு அங்க ஃபைல் வெச்சிருக்கும்.

வின்எஸ்எக்ஸ்எஸ் (விண்டோஸோட பாகங்கள் இருக்கற ஃபோல்டர்) பெரிசா தெரியும், கையால தொடவே கூடாது. விண்டோஸோட டிஸ்ம் கருவியில ஸ்டார்ட்காம்போனன்ட்கிளீனப் மட்டும் போதும். ரீசெட்பேஸ் சேர்த்தா இன்னும் கொஞ்சம் வரும், ஆனா அதுக்கப்புறம் ஏற்கெனவே போட்ட எந்த அப்டேட்டையும் கழட்ட முடியாது. எண்பது சிஸ்டத்துல ஒரே ராத்திரி அதைச் செய்ய எனக்கு மனசு வராது. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இன்ஸ்டாலர்னு ஒண்ணு மறைஞ்சிருக்கும், அதையும் விட்டுடுங்க. அழிச்ச அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, பிறகு ஆஃபீஸை அப்டேட் பண்ணவோ கழட்டவோ போகும்போது பழைய எம்எஸ்ஐ (இன்ஸ்டால் ஃபைல்) எங்கன்னு கேட்டு நிக்கும்.


பழைய_ரேக்:

நல்ல விளக்கம். ரெஜிஸ்ட்ரி கிளீனரையும் ஸ்கிரிப்ட்ல சேர்த்தால் வேகம் கூடுமே? சிகிளீனரில் அது நன்றாகவே வேலை செய்யும், பணம் கட்டிய பதிப்பை வாங்கினால் உரிமப் பிரச்சினையும் இல்லை.


நடுராத்திரி_அட்மின்:

கூடாது. ரெஜிஸ்ட்ரியில ஆயிரம் அனாதைக் கீ இருந்தாலும் அது சில நூறு கேபி. கேட்டது டிஸ்க் இடம், அங்க இடமே இல்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை நாங்க ஆதரிக்கறதில்லைன்னு மைக்ரோசாஃப்டே எழுத்துல சொல்லியிருக்கு. ஒரு சிஸ்டத்துல கெட்டா சரி பண்ணிக்கலாம். எண்பதுல ஒரே நேரத்துல, சிஸ்டம் அதிகாரத்தோட கெட்டா?

பணம் கட்டின பதிப்புல எல்லா யூசருக்கும் சுத்தம் செய்யற வசதி இருக்கறது உண்மை. எனக்கு வேற தயக்கம். 2017 ஆகஸ்ட்ல வந்த சிகிளீனர் 5.33க்குள்ளேயே தீநிரல் புகுந்திருந்தது. அவங்க கையொப்பத்தோட, அவங்க தளத்திலிருந்தே போனது, 20 லட்சத்துக்கும் மேல கணினிகள்ல இறங்கினது. அந்த நிறுவனம் தெரிஞ்சதும் சரி செஞ்சுட்டாங்க, அதுல குறை சொல்லலை. ஆனா விண்டோஸ்லயே இருக்கற கருவிகளால முடியற வேலைக்கு, எல்லா சிஸ்டத்துலயும் முழு அதிகாரத்தோட இன்னொருத்தர் சாஃப்ட்வேரை ஏன் உட்கார வைக்கணும்? வேணும்னே இருந்தா பிளீச்பிட் பாருங்க. திறந்த மூலம், கன்சோல்ல ஓடும், ப்ரிவியூன்னு போட்டா எதை அழிக்கப் போறேன்னு முதல்ல காட்டும். ஆனா அதுவும் ஓட்டறவர் ப்ரொஃபைலைத்தான் பார்க்கும், அங்க சுத்தி அதே இடத்துக்கு வந்துடுவீங்க.


சிவப்புக்கோடு:

அளந்து பார்த்தேன். நடுராத்திரி சொன்ன கேப் ஃபைல் கதை ரெண்டு சிஸ்டத்துல அப்படியே இருந்துச்சு, லாகையும் சேர்த்து அழிச்சதும் அடங்கிடுச்சு. டெஸ்க்டாப் எல்லாத்துலயும் ஹைபர்னேட் ஆஃப். டாஸ்க்கை சோதனைக்கு ஒரு பத்து சிஸ்டத்துக்கு மட்டும் விட்டிருக்கேன், நல்லா ஓடுது, யாருக்கும் தெரியக்கூட இல்லை.

ஆனா ஷிஃப்ட் சிஸ்டங்கள்ல உண்மையான தீனி யூசர்ஸ் ஃபோல்டர்தான். ஒரே சிஸ்டத்துல 31 ப்ரொஃபைல்! பாதிப்பேர் வேலையிலேயே இல்லை. 60 நாள் தொடாத ப்ரொஃபைலை ரீஸ்டார்ட்ல அழிக்கற பாலிசி ஒண்ணு இருக்குன்னு பார்த்துப் போட்டேன். ரீஸ்டார்ட்டும் ஆச்சு, ஒண்ணுகூட போகலை. ஃபோல்டரை நேரடியா அழிச்சிடலாமா?


நடுராத்திரி_அட்மின்:

ஐயோ, ஃபோல்டரை மட்டும் அழிக்காதீங்க. ரெஜிஸ்ட்ரியில ப்ரொஃபைல்லிஸ்ட்ல அவங்க பேர் அப்படியே நிக்கும். அந்த யூசர் திரும்ப லாகின் பண்ணினா விண்டோஸ் பழைய இடத்தைத் தேடி, காணாம, ஒரு தற்காலிக ப்ரொஃபைலைக் குடுக்கும். அவர் அன்னைக்கு டெஸ்க்டாப்ல சேமிச்சதெல்லாம் சைன் அவுட் பண்ணினதும் காலி.

பாலிசி ஏன் வேலை செய்யலைன்னா, பெரும்பாலும் வயசைக் கணக்கிடற இடம்தான் குத்தம். ப்ரொஃபைலுக்குள்ள இருக்கற என்டியூசர் டாட் ஃபைலோட தேதியைப் பார்த்து முடிவு பண்ற கருவிகள் நிறைய. விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் எல்லாம் அந்த ஃபைலைத் தொட்டுட்டுப் போகும், தேதி புதுசா மாறிடும். டெல்ப்ராஃப்2ன்னு ஒரு கருவி இருக்கு, நல்ல கருவி, எல் ஸ்விட்ச் போட்டா அழிக்காம பட்டியல் மட்டும் காட்டும். அதுல பாருங்க, உங்க 31 பேரும் நேத்துதான் வந்த மாதிரி தெரிஞ்சா இதுதான் காரணம்.

அப்படி இருந்தா ப்ரொஃபைல்லிஸ்ட் கீக்குள்ள ஒவ்வொரு எஸ்ஐடிக்கும் (யூசரோட அடையாள எண்) லோக்கல்ப்ரொஃபைல்லோட்டைம் ஹை, லோன்னு ரெண்டு மதிப்பு இருக்கும். ரெண்டையும் சேர்த்தா அந்த ப்ரொஃபைல் கடைசியா எப்போ லோட் ஆச்சுங்கற நேரம் வரும். அதை வெச்சு வயசைக் கணக்கிட்டு, பவர்ஷெல்ல வின்32_யூசர்ப்ரொஃபைல்ல அதே எஸ்ஐடியைத் தேடி, ரிமூவ்-சிம்இன்ஸ்டன்ஸ் குடுங்க. ஃபோல்டரும் ரெஜிஸ்ட்ரி கீயும் சேர்ந்து போகும். ஸ்பெஷல்னு குறிச்சதையும், இப்போ லோட் ஆகியிருக்கறதையும் வடிகட்டிடுங்க.

அழிக்கறதுக்கு முன்னாடி வேலையை விட்டுப் போனவங்க பட்டியலை மனிதவளத்துக்கிட்ட வாங்கி ஒப்பிட்டுப் பாருங்க. நீண்ட விடுப்புல இருக்கறவங்களும் 60 நாள் வரமாட்டாங்க. யாராவது பிஎஸ்டி ஃபைலை (அவுட்லுக் மெயில் சேமிப்பு) ப்ரொஃபைலுக்குள்ள வெச்சிருந்தா அதுக்கு வேற எங்கேயும் நகல் இருக்காது. ஓஎஸ்டி (சர்வர் மெயிலோட நகல்) பரவாயில்லை, சர்வர்ல இருந்து திரும்ப இறங்கும்.


நேர்வழி:

ஷிஃப்ட் சிஸ்டங்களுக்கு ஸ்டோரேஜ் சென்ஸ் போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு சேர்க்கை: டாஸ்க்கில் ராண்டம் டிலே ஒரு மணி நேரம் கொடுங்கள். ஸ்கிரிப்ட் தன் லாகை ஒரு பொது ஷேரில் எழுதுமானால், எல்லா சிஸ்டமும் ஒரே நிமிடத்தில் அங்கே வர வேண்டாம். சிஸ்டம் அக்கவுண்ட் நெட்வொர்க்கில் கணினியின் பெயரில்தான் தெரியும், எனவே ஷேரில் டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்கு எழுதும் உரிமை வேண்டும்.


சிவப்புக்கோடு:

டெல்ப்ராஃப்2 பட்டியல் பார்த்தேன், 31 பேருக்கும் ஒரே தேதி. போன அப்டேட் இறங்கின நாள்! ஸ்கிரிப்டை லோட் டைமுக்கு மாத்தறேன். கடைசியா ஒண்ணு: ராத்திரி 2 மணிக்கு டாஸ்க் வெச்சிருக்கேன், ஆனா பாதிப்பேர் ஆஃப் பண்ணிட்டுத்தான் போறாங்க. வேக்-ஆன்-லேன் (நெட்வொர்க் வழியா ஆன் பண்ற வசதி) எல்லாத்துலயும் இல்லை.


நடுராத்திரி_அட்மின்:

டாஸ்க்கோட செட்டிங்ஸ்ல, குறிச்ச நேரம் தவறிப்போனா முடிஞ்ச சீக்கிரம் ஓட்டுன்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டுடுங்க. காலையில ஆன் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு ஓடும். டிஸ்மை மட்டும் அதுல இருந்து பிரிச்சு, சிஸ்டம் சும்மா இருந்தா மட்டும் ஓடற தனி டாஸ்க்கா வைங்க, இல்லேன்னா காலையில எல்லாரும் சிஸ்டம் ஸ்லோன்னு உங்களைத்தான் கூப்பிடுவாங்க. சேஜ்ரன் டாஸ்க்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போனா நிறுத்துன்னு வரம்பும் வைங்க, செஷன் 0ல அது சில சமயம் காரணமே இல்லாம நின்னுக்கும்.